மேடில்லாத சாலையில் காற்றுதான் மேடு: கடலோரச் சைக்கிள் ஓட்டத்துக்கு ஒரு வழிகாட்டி

கடற்கரை ஊரில் ரோடு பைக் எனப்படும் சாலைச் சைக்கிள் ஓட்டத் தொடங்குகிறவர்களிடம் எல்லாரும் சொல்வது, "மேடே கிடையாது, சுலபமா ஓட்டலாம்" என்பதுதான். இது பாதி உண்மை. ஏற்றம் இல்லை, சரி, இறக்கமும் இல்லையே! மலைச்சாலையில் ஏறி முடித்தவருக்கு இறங்கும்போது கால் ஓய்வெடுக்கும். சமதளத்தில் மிதிப்பதை நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் வண்டியும் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மணி நேரமும் மிதித்தாக வேண்டும், அதுவும் ஏறக்குறைய ஒரே நிலையில் உட்கார்ந்தபடி.

இதற்கு மேல் காற்று. கடலோரத்தில் சைக்கிள் ஓட்டப் பழகுவது என்றால் பெரும்பகுதி காற்றோடு ஓட்டப் பழகுவதுதான். மிச்சம் இருப்பது மணலும் உப்பும். இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எந்த ஊர்ச் சாலைக்கும் பொதுவானதே. அதனால் பொதுவான விஷயங்களை இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன்.

1. வண்டியும் டயரும்

சமதளத்துக்காகத் தனி வண்டி தேவையில்லை. பழைய ரோடு பைக்கோ, நேரான ஹேண்டில்பார் வைத்த ஹைப்ரிட் வண்டியோ எதுவானாலும் தொடங்கலாம். புதிதாக வாங்குவதாக இருந்தால் மூன்றைப் பாருங்கள். 28 முதல் 32 மி.மீ. அகல டயர் போட ஃபிரேமில் இடம் இருக்கிறதா? சக்கரத்தின் ரிம் உயரம் குறைவாக இருக்கிறதா? கீழ்நோக்கி வளைந்த டிராப் ஹேண்டில்பார் உங்கள் கைக்கு எட்டுகிறதா? பார்க்க அழகாக இருக்கும் உயரமான கார்பன் ரிம்மை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பக்கக் காற்று அதைப் பாய் போலப் பிடித்துத் தள்ளும். அனுபவம் வந்தபின் வாங்கிக்கொள்ளலாம்.

டயரில் காற்று எவ்வளவு என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். "கல்லு மாதிரி இருக்கணும்" என்பது பழைய காலத்துப் பேச்சு. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அது தாங்கும் உச்ச அளவு. அவ்வளவு அடிக்க வேண்டும் என்று பொருளில்லை. 65 முதல் 70 கிலோ எடையுள்ள ஒருவர் 28 மி.மீ. டயரில் பின்னால் 70 முதல் 75 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), முன்னால் அதைவிட ஐந்து குறைவாக வைத்துத் தொடங்கலாம். டயர் 32 மி.மீ. என்றால் இன்னும் பத்து, பதினைந்து குறைக்கலாம். எடை கூடக்கூட அளவும் கொஞ்சம் கூடும். டயர் விளிம்பைப் பிடிக்கும் கொக்கி இல்லாத ஹுக்லெஸ் வகை ரிம் என்றால் மட்டும் 72.5 பிஎஸ்ஐ உச்ச வரம்பு, அதைத் தாண்டவே கூடாது. கொஞ்சம் மென்மையான டயர் சாலையின் அதிர்வை வாங்கிக்கொள்ளும், மெல்லிய மணல் படிந்த இடத்தில் பிடிப்பும் கொடுக்கும். டியூபிலிருந்து காற்று தானாகவே மெல்லக் கசியும் என்பதால் ஒவ்வொரு முறை புறப்படும் முன்பும் அளவுமானி உள்ள பம்ப்பால் பார்த்துவிடுங்கள். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது கணக்கில் சேராது.

2. உட்காரும் முறை

சீட் உயரத்தைச் சரிபார்க்க எளிய வழி: சுவரைப் பிடித்தபடி வண்டியில் உட்கார்ந்து, பெடலைக் கீழ்க்கோடிக்குக் கொண்டுபோய், அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு வழக்கம்போல் முன்பாதத்தை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். இடுப்பு இரு பக்கமும் ஆடினால் சீட் உயரம் அதிகம். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு.

மேட்டுச்சாலையில் ஓட்டுகிறவர் அடிக்கடி எழுந்து நின்று மிதிப்பார். அவருக்கு இயல்பாகவே நிலை மாறுகிறது. சமதளத்தில் அந்த மாற்றத்தை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கியர் கூட்டி, பத்து மிதி எழுந்து நின்று மிதியுங்கள். கைகளையும் மேல்பார், ஹூட் (பிரேக் லீவருக்கு மேலுள்ள ரப்பர் பிடி), கீழ்ப்பார் என்று இடம் மாற்றிக்கொண்டே இருங்கள். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கம் ஒரே இடத்தில் அழுந்திக்கொண்டிருந்தால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கி, சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். மரத்த பிறகு கையை உதறுவதைவிட, மரக்கும் முன் இடம் மாற்றுவது நல்லது.

உள்ளே பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். உடைகளில் அது ஒன்றுக்குத்தான் நான் வற்புறுத்துவேன். அதன் உள்ளே வேறு உள்ளாடை போடக்கூடாது. தையல் உராய்ந்து தோலைக் கிழித்துவிடும்.

3. காற்றைப் படித்துவிட்டுப் பாதையைப் போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

வெயில் ஏறும்போது நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் நிதானமாகவே சூடாகும். நிலத்தின் மேலுள்ள சூடான காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். அதுதான் கடற்காற்று. பெரும்பாலும் முற்பகலின் பிற்பகுதியில் தொடங்கி, பிற்பகலின் நடுவில் உச்சத்துக்குப் போய், பொழுது சாய்ந்ததும் அடங்கும். இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று வீசும். இது பொதுவாக மெல்லியது. வெயில் அடிக்கும் தெளிவான நாளில் இந்த ஓட்டம் நன்றாகத் தெரியும். மேகமூட்டமான நாளில் மங்கிவிடும். பருவக்காற்று வலுவாக வீசும் மாதங்களில் இது எல்லாவற்றையும் அதுவே அமுக்கிவிடும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது: விடியற்காலையில் ஓட்டுங்கள். இன்னொன்றை யோசிக்கிறவர்கள் குறைவு. "எதிர்க்காற்றில் புறப்பட்டு, பின்காற்றில் வீடு திரும்பு" என்பது பழைய விதி, நல்ல விதிதான். ஆனால் காற்று மணிக்கு மணி மாறும் கடலோரத்தில், புறப்படும் நேரத்துக் காற்றைப் பார்த்துத் திசையை முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். ஆறு மணிக்குக் கொடிகூட அசையாது. ஒன்பதரைக்குத் திரும்பும்போதுதான் காற்று எழும், அப்போது உங்கள் காலில் பலம் பாதிதான் இருக்கும். எனவே திரும்பும் நேரத்தில் காற்று எந்தப் பக்கம் வீசும் என்பதைப் பாருங்கள். அது உங்களை வீட்டை நோக்கித் தள்ளும்படி பாதையைப் போடுங்கள். வானிலைச் செயலிகள் மணிவாரியாகக் காற்றின் வேகத்தையும் திசையையும் காட்டுகின்றன. ஒரு சின்ன எச்சரிக்கை: அவற்றில் "வடகிழக்குக் காற்று" என்றால் வடகிழக்கிலிருந்து வருவது என்று அர்த்தம். அம்புக்குறியை மட்டும் பார்த்துத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறவர்கள் நிறையப் பேர்.

கடற்காற்றுக்கு இன்னொரு குணம் உண்டு. தொடங்கும்போது கரைக்கு ஏறக்குறைய செங்குத்தாக வீசும். கடலோரச் சாலையில் போகிறவருக்கு அது பக்கக் காற்று. நேரம் போகப்போக, பூமியின் சுழற்சியால் அதன் திசை விலகும். வட அரைக்கோளத்தில் வலப்பக்கமாக, தென் அரைக்கோளத்தில் இடப்பக்கமாக. வட அரைக்கோளத்தில் இருப்பவர் கடலுக்கு முதுகு காட்டி நின்றால், மாலை நெருங்க நெருங்கக் காற்று அவரது வலப்பக்கம் நோக்கிச் சாயும். மாலையில் ஓட்டுகிறவர்கள் இதை வைத்து, முதலில் இடப்பக்கம் போய்ப் பிறகு வலப்பக்கமாகத் திரும்பினால் கடைசிக் கிலோமீட்டர்கள் சுலபமாகப் போகும். வேறு பெரிய காற்று எதுவும் வீசாத நாட்களில்தான் இந்தக் கணக்கு செல்லும்.

எவ்வளவு காற்று என்பதைக் கண்ணாலேயே அளக்கலாம். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போபோர்ட் 1805-ல் வகுத்த அளவுகோல் இன்றும் உதவுகிறது. இலைகளும் சிறு குச்சிகளும் விடாமல் அசைந்து, லேசான கொடி விரிந்து நின்றால் 3-ஆம் எண்: மணிக்கு 12 முதல் 19 கி.மீ. கடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெண்ணுரை தெரியும். தூசியும் காகிதமும் பறந்தால் 4-ஆம் எண்: 20 முதல் 28 கி.மீ. சிறு மரங்கள் மொத்தமாக ஆடத் தொடங்கி, கடல் முழுக்க வெண்ணுரையாக இருந்தால் 5-ஆம் எண்: 29 முதல் 38 கி.மீ. புதியவருக்கு என் கணக்கு இது: 3 வரை தாராளமாகப் போகலாம், 4-ல் நினைத்த தூரத்தில் பாதி போதும், 5-ல் வண்டியைத் துடைத்து எண்ணெய் போடும் வேலையைப் பார்க்கலாம்.

பாதையைப் பொறுத்தவரை, கடலோரத்தில் பெரும்பாலும் ஒரே நெடுஞ்சாலைதான் இருக்கும். கிளைச்சாலைகள் கடலிலோ கழிமுகத்திலோ முட்டி நின்றுவிடும். சுற்றி வரும் பாதை கிடைக்காவிட்டால் போன வழியே திரும்புவதுதான் கதி. அதனால் ஒரே நேராக 20 கி.மீ. போய்த் திரும்புவதற்குப் பதிலாக, முதல் சில வாரங்களுக்கு 5 அல்லது 6 கி.மீ. நீளமுள்ள ஒரு நல்ல துண்டைத் தேர்ந்தெடுத்து, அதிலேயே போய் வந்து கொண்டிருங்கள். எந்த நேரத்தில் சோர்ந்தாலும் வீடு பக்கத்தில் இருக்கும். குடிநீர் கிடைக்கும் இடம், நிழல், பாலம், சாலை குறுகும் இடம் ஆகியவற்றை வரைபடத்தில் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாட்களில் கடற்கரைச் சாலையில் வண்டிகள் குவியும். நிறுத்திய கார்களின் கதவு திடீரென்று திறக்கும் என்பதால் ஒரு கதவின் அகலம் தள்ளியே போங்கள்.

4. பையில் என்ன இருக்க வேண்டும்

மாற்று டியூப் ஒன்று, டயர் லீவர் இரண்டு, ஒட்டுப்பட்டை, சிறிய கைப்பம்ப், 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ. கைபேசி, அடையாள அட்டை, கொஞ்சம் பணம். ஹெல்மெட் இல்லாமல் புறப்பட வேண்டாம். அது புருவத்துக்கு இரண்டு விரல் மேலே, சமமாக இருக்க வேண்டும், பின்னால் சாயக்கூடாது. பின்புறச் சிவப்பு விளக்கைப் பகலிலும் எரியவிடுங்கள். கடலோரத்தில் சூரியன் அடிவானத்திலிருந்து தடையில்லாமல் நேராகக் கண்ணில் அடிக்கும். உதயத்திலும் மாலையிலும் சூரியனை நோக்கி வண்டி ஓட்டி வருகிறவருக்கு முன்னால் போகும் சைக்கிள் தெரியாமல் போக நிறைய வாய்ப்பு உண்டு.

பஞ்சர் ஆனால் மணல் இல்லாத, போக்குவரத்தை விட்டு விலகிய இடத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள். பின் சக்கரம் என்றால் கழற்றும் முன் செயினைச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிடுங்கள். கழற்றுவதும் மாட்டுவதும் சுலபமாகும். டியூபை எடுத்ததும் டயரின் உட்புறம் முழுவதையும் விரல் நுனியால் மெதுவாகத் தடவி வாருங்கள். கிளிஞ்சல் துண்டோ கண்ணாடிச் சில்லோ இன்னும் குத்திக்கொண்டு இருக்கும். அதை எடுக்காமல் புது டியூபைப் போட்டால் அடுத்த கிலோமீட்டரில் அதுவும் போகும். உள்ளே மணல் ஒட்டியிருந்தால் துணியால் துடைத்துவிடுங்கள். டயருக்கும் டியூபுக்கும் இடையில் மாட்டிய மணல் அரைத்து அரைத்தே டியூபை ஓட்டையாக்கும். புது டியூபை உள்ளே வைக்கும் முன் வாயால் ஊதி லேசாக உருவம் வரச் செய்தால் அது முறுக்கிக்கொள்ளாது. இதை வீட்டில் உட்கார்ந்து ஒருமுறையாவது செய்து பாருங்கள். சாலையோரத்தில், வெயிலில், முதல்முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை இது அல்ல.

5. கியரும் மிதி வேகமும்

ஒரு நிமிடத்தில் பெடல் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதைக் கேடன்ஸ் என்பார்கள். 80 முதல் 90 வரை வைத்துக்கொள்ளப் பழகுங்கள். புதியவர்கள் கனமான கியரில் 60 சுற்று மிதிப்பார்கள். முதல் அரைமணி நேரம் வேகமாகப் போவது போலிருக்கும், பிறகு முழங்கால் பேசும்.

கணக்கு பாருங்கள். முன்னால் 34 பல், பின்னால் 17 பல் என்றால் பெடல் ஒருமுறை சுற்றச் சக்கரம் இரண்டு முறை சுற்றும். ரோடு பைக் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். 90 சுற்றில் மணிக்கு ஏறக்குறைய 23 கி.மீ. கிடைக்கிறது. தொடங்குகிறவருக்கு இது நல்ல வேகம். அதே 17 பல்லில் முன்னால் 50-க்கு மாறினால் 33 கி.மீ.; அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. ஆகவே முன்னாலுள்ள பெரிய சக்கரத்தில்தான் ஓட்ட வேண்டும் என்ற வீம்பு வேண்டாம்.

6. எதிர்க்காற்றில்

காற்றின் எதிர்ப்பு, காற்று உங்கள் மேல் மோதும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். காற்றே இல்லாத நேரத்தில் 20 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள் என்று வையுங்கள். 15 கி.மீ. எதிர்க்காற்று எழுந்து, நீங்களும் அதே 20-ஐ விடாமல் பிடித்தால், உங்கள் மேல் மோதுவது 35 கி.மீ. காற்று. எதிர்ப்பு மூன்று மடங்காகிவிடும். இது தெரிந்தால் வேகமானியைப் பார்த்துக் குமுற மாட்டீர்கள். எதிர்க்காற்றில் வேகத்தைப் பிடிக்காதீர்கள், உழைப்பைப் பிடியுங்கள். மூச்சு எவ்வளவு வாங்குகிறது என்பதே அளவு: இரண்டு வாக்கியம் தொடர்ந்து பேச முடிகிற அளவுக்கு மிதியுங்கள், வேகம் 16 ஆனாலும் சரி. வேகமானியின் திரையை வேறு பக்கத்துக்கு மாற்றிவைத்துவிட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு, அது மோசமான யோசனை இல்லை.

கியரை ஒன்று, இரண்டு குறைத்துக் கேடன்ஸைக் காப்பாற்றுங்கள். உடலைத் தாழ்த்துங்கள்: கை கீழ்ப்பாரில், முழங்கை மடிந்து, தோள் தளர்ந்து. எதிர்ப்பில் பெரும்பங்கு உங்கள் உடம்பால்தான் வருகிறது, வண்டியால் வருவது குறைவு. படபடவென்று அடிக்கும் தளர்ந்த சட்டையும் காற்றைப் பிடிக்கும். கீழ்ப்பாரில் கழுத்து வலித்தால் கையை ஹூட்டில் வைத்தபடியே முழங்கையை மடக்கினாலும் போதிய பலன் கிடைக்கும்.

பின்காற்று கொடுப்பது எதிர்க்காற்று எடுத்ததை ஈடு செய்யாது. காற்றில்லாமல் 24 கி.மீ. வேகத்தில் 20 கி.மீ. போய் 20 கி.மீ. திரும்ப 100 நிமிடம் ஆகும். காற்று நாளில் போகும்போது 17, வரும்போது 31 என்றால் மொத்தம் 109 நிமிடம். மெதுவான பகுதியில்தான் அதிக நேரம் செலவாகிறது என்பதே காரணம். இன்ன நேரத்துக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்றால் இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எதிர்க்காற்றையே விளையாட்டாக்கியவர்களும் இருக்கிறார்கள். மலையில்லாத நெதர்லாந்தில் 2013 முதல் எதிர்க்காற்று சைக்கிள் போட்டி நடத்துகிறார்கள். கடலுக்குக் குறுக்கே கட்டிய புயல்தடுப்பு அணை மேல் 8.5 கி.மீ. தூரம், கியர் இல்லாத சாதாரண வண்டியில், கடுங்காற்று வீசும் நாளாகப் பார்த்து ஓட்டுகிறார்கள். நாம் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை.

7. பக்கக் காற்றில்

எதிர்க்காற்று களைப்பைத்தான் தரும். பக்கக் காற்று ஆளைச் சாய்க்கும். அதுவும் ஒரே சீராக வீசினால் உடம்பு தானாகச் சாய்ந்து சமாளித்துக்கொள்ளும். விட்டு விட்டு வீசுவதுதான் ஆபத்து. வரிசையாக இருந்த கட்டடங்கள் சட்டென்று முடியும் இடம், மரவரிசையில் விழுந்த இடைவெளி, கழிமுகத்தின் மேல் போகும் பாலம், எதிரே வரும் பெரிய லாரி. இந்த நான்கையும் தூரத்திலிருந்தே கவனித்துவிடுங்கள். லாரி காற்றை மறைக்கும் ஒரு நொடியில் வண்டி காற்று வந்த பக்கமாகச் சாயும். அது கடந்ததும் காற்று மறுபடி அறையும்.

அங்கே செய்ய வேண்டியது: இரண்டு கையும் பாரில், பிடி தளர்வாக, முழங்கை மடிந்து, முழங்காலால் ஃபிரேமைச் சற்று அணைத்தபடி, மிதிப்பதை நிறுத்தாமல். பாரை இறுக்கிப் பிடித்தால் உங்கள் தோளின் ஒவ்வொரு அசைவும் முன்சக்கரத்துக்குப் போகும். சாலையின் ஓரக்கோட்டை ஒட்டிப் போகாமல், தடுமாறினாலும் தாங்கும்படி இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டுப் போங்கள். தண்ணீர் குடிப்பதைக் காற்று மறைவான இடம் வரும் வரை தள்ளிப்போடுங்கள்.

பாலத்தில் இன்னொன்று: இணைப்புகளில் உள்ள இரும்புப் பட்டையைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும். ஈரமாக இருந்தால் அதன் மேல் பிரேக் பிடிக்கவோ திரும்பவோ கூடாது. சாலையில் பூசிய வெள்ளைக் கோடும், கடற்கரை நடைபாதையின் மரப்பலகையும் ஈரத்தில் இதே மாதிரி வழுக்கும்.

8. மணல்

காற்று அடித்த மறுநாள் சாலையின் கடல்பக்கம் மணல் நாக்கு நீட்டியிருக்கும். மெல்லிய படலமாக இருந்தால் நேராக, மிதித்துக்கொண்டே கடந்துவிடலாம். தடித்த குவியல் என்றால் முன்சக்கரம் புதைந்து திரும்பிக்கொள்ளும். முன்பே பார்த்துவிட்டால் வேகத்தைக் குறைத்து, பின்னால் திரும்பிப் பார்த்து, விலகிப் போங்கள். தவிர்க்கவே முடியாத நிலையில், மணலுக்கு முன்னாலேயே பிரேக் வேலையை முடித்துவிடுங்கள். பிறகு உடம்பின் பாரத்தைச் சற்றுப் பின்னால் கொண்டுபோய், இலகுவான கியரில் சீராக மிதித்து, ஹேண்டிலைத் திருப்பாமல் நேர்கோட்டில் கடந்துவிடுங்கள். மணலின் மேல் முன் பிரேக்கைத் தொட்டால் விழுவது ஏறக்குறைய நிச்சயம். திருப்பங்களில் உள்வளைவில்தான் மணல் அதிகம் சேரும். கண்ணுக்குத் தெரியாத திருப்பம் எல்லாவற்றிலும் மணல் இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டு போங்கள்.

9. கூட்டமாக ஓட்டும்போது

மற்றவர் பின்னால் ஒட்டிப் போனால் காற்று குறையும், உழைப்பும் நன்றாகவே குறையும். பெர்ட் பிளாக்கன் தலைமையிலான ஆய்வாளர்கள் 2018-ல் 121 பேர் கொண்ட பந்தயக் கூட்டத்தை ஆராய்ந்தபோது, நடுவில் போகிறவருக்குத் தனியாகப் போகிறவர் சந்திக்கும் காற்றெதிர்ப்பில் 5 முதல் 10 சதவீதமே மிஞ்சுகிறது என்று தெரிந்தது. நான்கைந்து பேர் போகும் காலைக் குழுவில் அவ்வளவு கிடைக்காது என்றாலும் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

பக்கக் காற்றில் மறைவு நேர் பின்னால் இருக்காது, காற்று வரும் பக்கத்துக்கு மறுபுறமாகச் சாய்ந்திருக்கும். அதனால்தான் பந்தயங்களில் சாய்வரிசை கட்டுகிறார்கள். அந்த வரிசையில் இடம் கிடைக்காதவர் அறுபட்டுப் போவார். 2015 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் 2-ஆம் கட்டம் நெதர்லாந்தின் உத்ரெக்ட்டிலிருந்து ஸீலாந்து கடலோரத்துக்குப் போன சமதளப் பாதை. மலையேற்றத்தில் பேர் போன நைரோ கின்டானாவும் வின்சென்சோ நிபாலியும் அங்கே காற்றில் பிரிந்துபோய் 1 நிமிடம் 28 வினாடி இழந்தார்கள். ஆனால் பொதுச்சாலையில் சாய்வரிசை கட்டினால் சாலை முழுவதும் அடைபடும். உங்களுக்கு அது வேண்டாம். ஒற்றை வரிசை போதும்.

முதலில் முன்சக்கரத்துக்கும் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கும் நடுவே ஒரு வண்டி நீளம் விடுங்கள்; பழகப் பழகக் குறைக்கலாம். அவர் சக்கரத்தின் பக்கவாட்டில் உங்கள் சக்கரத்தை நுழைக்காதீர்கள், அவர் லேசாக விலகினாலும் விழப்போவது நீங்கள்தான். பார்வை அவர் சக்கரத்தில் இல்லாமல் தோளுக்கு மேலே, சாலையில் இருக்கட்டும். திடீர் பிரேக் கூடாது. சற்று நிமிர்ந்து உட்கார்ந்தாலே காற்று வேகத்தைக் குறைத்துவிடும். முன்னால் போகிறவர் மணல், குழி எல்லாவற்றையும் கையால் காட்டிக் குரலும் கொடுக்க வேண்டும்.

10. தண்ணீரும் வெயிலும்

கடற்காற்று வேர்வையை உடனே உலர்த்திவிடுவதால் வேர்ப்பதே தெரியாது. உடம்பு குளிர்ச்சியாக இருப்பதுபோல் தோன்றும், உள்ளே நீர் குறைந்துகொண்டிருக்கும். தாகத்தை எதிர்பார்க்காமல் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடக்கு குடியுங்கள். வெயில் நாளில் மணிக்கு 500 முதல் 750 மி.லி. என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் ஒரு பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் இருக்கட்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் என்றால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவைப்படும். பசிக்கும் முன் சாப்பிடத் தொடங்குங்கள்.

உலர்ந்த கடல்மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும், கடல்நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்பும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது தொப்பி நிழலுக்குக் கீழேயும் வெயில் வரும். மூக்கு, காது, பின்கழுத்து, முழங்காலின் பின்பக்கம் ஆகிய இடங்களுக்குச் சன்ஸ்கிரீன் பூசுங்கள். கண்ணாடி மணலையும் தடுக்கும் என்பதால் மேகமூட்டத்திலும் போட்டுக்கொள்ளுங்கள்.

11. முதல் மாதம்

தூரக் கணக்கை விட்டு நேரக் கணக்கு வையுங்கள். காற்று நாளில் 15 கி.மீ. என்பது காற்றில்லாத நாளின் 22-க்குச் சமமான உழைப்பாக இருக்கலாம். வாரத்தில் மூன்று நாள், 45 நிமிடம். இரண்டாம் வாரத்திலிருந்து அந்த மூன்றில் ஒன்றை மட்டும் பத்து நிமிடம் நீட்டிக்கொண்டே போங்கள். மூன்றாம் வாரத்தில் வேண்டுமென்றே ஒரு நாள் 3-ஆம் எண் காற்றில் வெளியே வந்து, 5 நிமிடம் எதிர்க்காற்று, 5 நிமிடம் பின்காற்று என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஒரே மூச்சு அளவில் வேகம் எப்படி மாறுகிறது என்பது அப்போதுதான் உடம்புக்குப் பிடிபடும்.

12. வீடு வந்ததும் உப்பைக் கழுவுங்கள்

கடலில் இறங்கியிருக்க வேண்டியதில்லை. அலை உடைந்து எழும் நுண்துளிகளைக் காற்றே கொண்டுவந்து வண்டி மேல் படிய வைக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரைசலாகிவிடும், கடலோரத்தில் இது சாதாரணம். அதனால் மழையே பெய்யாமல், வீட்டுக்குள் நிற்கும் வண்டியும் துருப்பிடிக்கும். உங்கள் வேர்வையிலும் உப்பு உண்டு; அது சொட்டுவது ஹேண்டில்பாரின் போல்ட்டுகள் மேல்தான்.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஈரத்துணியால் ஃபிரேமையும் போல்ட்டுத் தலைகளையும் துடைத்து, உலர்துணியால் ஒருமுறை. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவல். தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். அழுத்தக் குழாயால் பீய்ச்சினால் உப்பு நீரே பேரிங்குக்குள் போய் உட்காரும். செயினைத் துணிக்குள் பிடித்து, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, கறுப்பு வருவது குறையும் வரை துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு இணைப்புக்கு ஒரு சொட்டு எண்ணெய். பத்து நிமிடம் கழித்து மேலே ஒட்டியிருப்பதை மறுபடி துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இருந்தால் போதும், வெளியே இருப்பது மணலைப் பிடித்து அரைக்கும் பசையாகிவிடும். மெழுகு வகை உலர் எண்ணெயில் மணல் குறைவாக ஒட்டும். ஆனால் மழையில் சீக்கிரம் போய்விடும். டிஸ்க் பிரேக் வண்டியில் ஒரு சொட்டுகூட டிஸ்க் மேல் படக்கூடாது.

மணல் சாலையில் செயின் சீக்கிரம் தேய்ந்து நீளும். அளவுகோலால் பார்க்கலாம்: பன்னிரண்டு முழு இணைப்புகள் (உள்தகடும் வெளித்தகடும் சேர்ந்த ஜோடி ஒரு முழு இணைப்பு) புதிதில் 304.8 மி.மீ. இருக்கும். 1.5 மி.மீ. கூடிவிட்டால், பின்னால் 11 அல்லது அதற்கு மேற்பட்ட பல்சக்கரங்கள் உள்ள வண்டியில் மாற்றிவிடுவது நல்லது. தள்ளிப்போட்டால் பல்சக்கரங்களும் சேர்ந்து தேயும், செலவு பல மடங்காகும்.

பலர் மறப்பது சீட் கம்பம். அலுமினியக் கம்பம் இரும்பு ஃபிரேமுக்குள் இருந்து, நடுவே உப்பு நீரும் புகுந்தால், இரண்டு உலோகமும் வேதிவினையால் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். முற்றிவிட்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, உயரத்தை ஒரு டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு, கம்பத்தை வெளியே உருவி, துடைத்து, கிரீஸ் தடவி, அதே குறிக்கு இறக்கி மாட்டுங்கள். கம்பமோ ஃபிரேமோ கார்பன் என்றால் கிரீஸ் வேண்டாம், அதற்கென்று விற்கும் கார்பன் பேஸ்ட்டைப் போடுங்கள். பாட்டில் கூட்டின் போல்ட்டுகளையும் அன்றைக்கே கழற்றிக் கிரீஸ் தொட்டு மாட்டிவிடலாம்.